1964½ மஸ்டாங்: தேதியைக் கண்டறிந்து, கெடுக்காமல் வைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபோர்டு மஸ்டாங் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் ஆலையில் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் எஞ்சின், மின்சாரம், உள் அலங்காரம் என்று பல இடங்களில் பாகங்கள் மாறின. இந்த இடைவெளியில் வந்த கார்களைத்தான் ஆர்வலர்கள் 1964½ என்கிறார்கள். ஃபோர்டு கணக்கில் அப்படி ஒரு மாடலே கிடையாது, எல்லாமே 1965தான்.

அதனால்தான் குழப்பம். "இது ஆரம்பகால கார்" என்று சொல்லி விலையை ஏற்றுபவர் எல்லாரும் பொய் சொல்வதில்லை, பலருக்கு உண்மையிலேயே தெரியாது. கார் பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் நேராக ஹாரன் எங்கே இருக்கிறது, டேஷ்போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அறுபது வருடத்தில் கழற்றி மாட்ட முடிந்த எதையும் யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள். எனவே மாற்றவே முடியாததில் தொடங்கி, எளிதில் மாற்றக்கூடியதில் முடியுங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

1. புறப்படும் முன்

நல்ல டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, காந்தம், பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது தின்னர், துணி, வெள்ளைச் சுண்ணக்கட்டி, ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம். காரின் கீழே போவதாக இருந்தால் ஜாக்கி மட்டும் போதாது, கட்டாயம் ஸ்டாண்டு வேண்டும்.

கிரைண்டர், உப்புத்தாள், மின் பிரஷ் எதையும் எடுத்துப் போகாதீர்கள். குத்திய எண்ணின் மேல் தேய்த்த தடம் விழுந்துவிட்டால், நாளைக்கு அதைப் பார்க்கிற போலீஸோ வாங்குபவரோ எண்ணைத் திருத்தியதாகத்தான் நினைப்பார்கள்.

ஓனர்ஷிப் பத்திரத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பயணம் வேண்டாம்.

இன்னொன்று. மார்ட்டி அறிக்கை என்று ஒன்று உண்டு. ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து உங்கள் கார் எப்படி ஆர்டர் செய்யப்பட்டது என்று எடுத்துத் தருவார்கள். அந்தப் பதிவுகள் 1967 மாடலில் இருந்துதான் இருக்கின்றன. 1965 காருக்கு அது கிடைக்காது. ஆகவே இந்த வேலையை நீங்களே காரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

2. முதலில் ஃபெண்டர் ஓரத்து எண்

பானெட்டைத் திறங்கள். டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கம், ஃபெண்டரை (முன்சக்கரத்தை மூடும் வெளித்தகடு) போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் உள்தகட்டின் மேல் விளிம்பில் காரின் எண், அதாவது பதிவு எண் அல்ல, ஆலையே கொடுத்த அடையாள எண், குத்தப்பட்டிருக்கும். ஃபெண்டரின் ஓரத்தில் அதைப் படிப்பதற்காகவே ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். டேஷ்போர்டில் முன்கண்ணாடி வழியாகப் பார்க்கலாமே என்று தேடாதீர்கள். அந்த இடத்துக்கு எண் வந்தது 1968 மாடலில்தான்.

பல அடுக்கு பெயின்ட் ஏறியிருந்தால் பிரஷ்ஷில் தின்னரைத் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். காய்ந்ததும் சுண்ணக்கட்டியைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் ஒரு தடவை ஒற்றி எடுத்தால், எழுத்தின் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். எண் முழுதாகத் தெரியவில்லை என்றால் உரிமையாளரின் அனுமதியோடு ஃபெண்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி விளிம்பைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம்.

படித்த கையோடு அதைச் சுற்றியுள்ள தகட்டையும் பாருங்கள். எண்ணின் இரு பக்கமும் வெல்டிங் கோடு ஓடுகிறதா, தகடு அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறதா? இருந்தால் வேறு காரின் எண்ணை வெட்டி ஒட்டியிருக்கலாம். அமெரிக்காவில் காரின் எண்ணை மாற்றுவது குற்றம். அந்தக் கார் உங்கள் கைக்கு வந்தபின் சிக்கல் உங்களுடையது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

3. எண்ணைப் பிரித்துப் படிப்பது

டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளை கன்வர்டிபிள் (கூரையை மடக்கக்கூடிய) மஸ்டாங் இருக்கிறது. அதன் எண் 5எஃப்08எஃப்100001. இதை வைத்தே பழகிக்கொள்ளலாம்.

முதல் 5, மாடல் ஆண்டு 1965. அடுத்த எழுத்து ஆலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டெக்சஸின் முதலெழுத்தான டி என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் உடல்வகை: 07 ஹார்ட்டாப் (நிலையான கூரை), 08 கன்வர்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்குவது). அதற்கடுத்த எழுத்து எஞ்சின். மீதி ஆறு இலக்கம் வரிசை எண்.

சான் ஹோசே ஆலை மஸ்டாங்கைச் செய்யத் தொடங்கியது 1964 ஜூலையில். எனவே ஆர் உள்ள ஆரம்பகாலக் கார் உண்டு, ஆனால் குறைவு. (அந்த ஆலை நின்ற இடம் மில்பிடாஸ். இன்றைக்கு அங்கே இருப்பது கிரேட் மால். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களுக்குத் தெரிந்த இடம்தான்.) மெட்டச்சனில் மஸ்டாங் வந்தது 1965இல். ஆகவே அந்த ஆலையின் எழுத்தைப் பார்த்தால் 1964½ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தேதியைச் சொல்வதில் எஞ்சின் எழுத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஆரம்பகாலத்தவை: யு (170 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 101 குதிரைத்திறன்), எஃப் (260 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர், 164 குதிரைத்திறன்), டெட்ராய்ட்டின் முதலெழுத்தான டி (289 வி8, 210 குதிரைத்திறன்). ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பிறகு இவற்றின் இடத்துக்கு முறையே 200 கன அங்குல ஆறு சிலிண்டரும் (டெக்சஸின் டி), 289 வி8இன் சி, ஏ என்ற இரண்டு வகைகளும் வந்தன. 271 குதிரைத்திறன் கொண்ட கே மட்டும் 1964 ஜூனில் வந்து மாற்றத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அதனால் கே என்ற எழுத்தை மட்டும் வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

இங்கே எல்லாரும் தடுக்குவது வரிசை எண்ணில். "சின்ன எண், எனவே முதலில் வந்த கார்" என்று நினைக்கிறார்கள். கார்கள் எண் வரிசைப்படி ஆலையை விட்டு வெளியே வரவில்லை. தோராயமான காலத்தைச் சொல்ல அது உதவும், நாளைச் சொல்லாது.

4. கதவுத் தகடு

டிரைவர் கதவின் பின் விளிம்பில் ரிவெட் அடித்த தகடு இருக்கும். காரின் எண்ணோடு, உடல்வகை, பெயின்ட், உள் அலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், ஆக்ஸில், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் குறிகள் அதில் உண்டு.

தேதி, நாளும் எழுத்துமாக இருக்கும். 16சி என்றால் மார்ச் 16. ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி ஆகஸ்ட்டுக்கு எச். அப்புறம் ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டு செப்டம்பருக்கு ஜே, டிசம்பருக்கு எம். ஐ, எண் 1 போலத் தெரியும் என்பதால் விட்டுவிட்டார்கள். இது காரைச் செய்யத் திட்டமிட்ட நாள், செய்து முடித்த நாள் அல்ல. சில நாள் முன்பின் இருக்கலாம்.

மார்ச் என்றால் 1964ஆ, 1965ஆ? எஞ்சின் எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். யு, எஃப், டெட்ராய்ட்டின் டி இருந்தால் 1964. சி, ஏ, டெக்சஸின் டி இருந்தால் 1965. கே வந்ததே 1964 ஜூனில் என்பதால் மார்ச் கே 1965தான்; ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தேதியோடு கே இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

கதவு மாறக்கூடியது. தகட்டைப் புதிதாக அச்சடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபெண்டர் எண்ணும் தகட்டு எண்ணும் ஒன்றாக இல்லை என்றால், நம்ப வேண்டியது ஃபெண்டரை. தகடு மட்டும் பளபளவென்று, ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் கீறலோடு இருந்தால், அதில் எழுதியிருக்கும் எதையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

5. வார்ப்புத் தேதிகள்

எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே இரண்டு விஷயம் பதியும்: வார்ப்பு எண், வார்த்த தேதி. சின்ன வி8இல் இவற்றை வலது பக்கம், ஸ்டார்ட்டர் இருக்கும் பகுதியில் தேடுங்கள். எண்ணெய்க் கசடு மூடியிருக்கும். பல நேரம் ஸ்டார்ட்டரைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

தேதி 4சி12 என்பது போல இருக்கும்: 1964, மார்ச், 12. இது கதவுத் தகட்டுத் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். சில நாள் முதல் சில வாரம் வரை முன்னால் என்றால் இயல்பு. ஒரு நாள் பின்னால் இருந்தாலும் கவனம்; மாதக்கணக்கில் பின்னால் இருந்தால் அது வேறு எஞ்சின்.

வார்ப்பு எண்ணை நிறையப் பேர் தேதியாக வாசிக்கிறார்கள். சி4ஓ என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து, "ஓ என்றால் ஃபேர்லேன் கார், இது மஸ்டாங் எஞ்சினே இல்லை" என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். சி என்பது 1960கள், 4 சேர்ந்தால் 1964, ஓ என்பது அந்தப் பாகம் முதலில் எந்தக் காருக்காக வரையப்பட்டது என்பது. மஸ்டாங் அதே வி8ஐ ஃபேர்லேனோடு பங்கிட்டுக்கொண்டது. ஓ இருப்பது குறையல்ல. சி3 என்று தொடங்கும் பாகம் 1964 காரில் இருப்பதும் சகஜம். வரைபடம் மாறாத வரை பழைய எண்ணே தொடரும்.

கீழே படுத்தபடி இன்னொன்றும் எண்ணிவிடலாம். ஆரம்பகால 260, 289 எஞ்சின்களில் பெல் ஹவுசிங்கை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) பிளாக்கோடு பிடிக்கும் போல்ட் ஐந்து. 1964 ஆகஸ்ட் வாக்கில் அது ஆறாக மாறியது. பிளாக்கின் வார்ப்பே வேறு என்பதால் இதை யாரும் சும்மா மாற்றிவிட முடியாது. ஆரம்பகால வி8 காரில் ஆறு போல்ட் தெரிந்தால், எஞ்சின் பிறகு வந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, டார்ச் ஒன்று போதும்.

6. கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்

இப்போது பார்க்கலாம். ஆரம்பகாலக் காரில் பேட்டரியை சார்ஜ் செய்வது டைனமோ. டேஷ்போர்டு விளக்கில் "ஜென்" என்று இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஆல்டர்நேட்டர், "ஆல்ட்". ஆரம்பகால ஹாரன்கள் ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபிரேமின் மேல் உட்காரும். பெட்ரோல் மூடிக்குக் கம்பி கிடையாது. திருட்டுப் போனதால் பிறகு கம்பி போட்டுக் கட்டினார்கள். பிரேக் விளக்கின் சுவிட்ச், பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலேயே இருக்கும், பெடலில் அல்ல. உள்ளே கதவுப் பிடிகள் கிளிப்பில் நிற்கும். பிறகு வந்தவற்றில் ஆலன் திருகு. கதவுப் பூட்டின் குமிழ் உள் நிறத்திலேயே இருக்கும், குரோம் அல்ல. டிரைவருக்குப் பக்கத்து இருக்கை முன்பின் நகராது.

பானெட்டின் முன் மூலைகளும் ஹெட்லைட் வளையங்களும் வேறு வடிவம். இவை ஜோடி; ஒன்று பழையது, இன்னொன்று புதியது என்றால் இடைவெளி பிசகும். முன்பக்கம் அடிபட்ட காரை அப்படித்தான் கண்டுபிடிப்பது.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். "ஜென்" விளக்கு இருக்கிறது, ஆனால் பானெட்டுக்குக் கீழே ஆல்டர்நேட்டர்: யாரோ மாற்றியிருக்கிறார்கள், கார் ஆரம்பகாலமாகவே இருக்கலாம். எண்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கும். இவை எத்தனை பாகம் மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் தேதிக் கார்களில் இரண்டு பக்கத்துப் பாகங்களும் கலந்தே வரும், அதைப் பிழையென்று எண்ண வேண்டாம்.

சில சேர்க்கைகள் ஆலையிலிருந்து வந்திருக்கவே முடியாது. 1964½ ஃபாஸ்ட்பேக் கிடையாது, அந்த உடல் வந்ததே ஆகஸ்ட் மாற்றத்தோடுதான். ஆலையில் போட்ட ஜிடி என்ற கூடுதல் பாகத் தொகுப்பும் கிடையாது, அது 1965 ஏப்ரலில் வந்தது. யு எழுத்துக் காரின் சக்கரத்தில் ஐந்து நட் இருந்தால், ஆறு சிலிண்டர் காரை வி8 ஆக மாற்றியிருக்கிறார்கள். ஆலையில் ஆறு சிலிண்டருக்கு நான்கு நட், வி8க்கு ஐந்து. மாற்றியது தவறில்லை, அதற்கு ஆலைக் காரின் விலையைக் கேட்பதுதான் தவறு.

7. தண்ணீர்ச் சோதனை

தேதி எவ்வளவு அருமையாக இருந்தாலும், இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடை இருக்கிறது. அதன் அடியில் இரண்டு தகடுகளை வெல்டிங் செய்த ஒரு பெட்டி. இலையும் மண்ணும் அதில் தேங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இந்த மஸ்டாங்குகளின் மிகப் பெரிய நோய் இதுதான்.

ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை வைத்து டார்ச்சோடு படுக்கட்டும். இன்னொருவர் சல்லடையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும், இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. தண்ணீர் முன் ஃபெண்டர்களுக்குப் பின்னால் தரையில் விழ வேண்டும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் ஓட்டை இருக்கிறது. சரியாகச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டையே எடுக்க வேண்டும். தகட்டின் விலை பெரிதல்ல, கூலிதான் ஆளைச் சாய்க்கும்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்குங்கள், பேட்டரிக்கு அடியில் பாருங்கள், பின் ஃபிரேமைக் காந்தத்தால் தடவுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூசிய பசைதான் இருக்கிறது. கன்வர்டிபிளில் கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்றும் பாருங்கள். கூரையின் பலம் இல்லாததால் அடிச்சட்டம் தளர்ந்தால் முதலில் கதவில்தான் தெரியும்.

8. வாங்கிய பின், ஓட்டும் முன்

பிரேக்கில் தொடங்குங்கள். இந்தக் கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. நான்கு சக்கரத்தில் எந்த இடத்தில் கசிந்தாலும் பெடல் முழுக்கத் தரைக்குப் போய்விடும். இரட்டை அறை 1967இல்தான் வந்தது. நாலு சக்கர டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டர்களையும் ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள், இதில் பழையதைக் காப்பாற்றும் பேச்சே வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். டிக்கியின் தளமாக இருப்பதே டேங்கின் மேல்தட்டுதான். நிரப்பும் குழாயும் டிக்கி வழியாகவே போகிறது. டிக்கியில் வாடை அடித்தால் அலட்சியம் கூடாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும், ஆகவே எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை போதிய அளவு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய வகை கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும்.

டைனமோவின் ரெகுலேட்டரை மாற்றினால், எஞ்சினை ஓட்டுவதற்கு முன் அதன் துருவத்தைச் சரிசெய்ய வேண்டும். ஃபோர்டின் முறை மற்ற கம்பெனிகளின் முறை அல்ல. மறுபதிப்பாகக் கிடைக்கும் 1965 ஷாப் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆல்டர்நேட்டர் ரெகுலேட்டரை இதில் மாட்டாதீர்கள்.

9. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் காரில் ஐந்து போல்ட் பிளாக், டைனமோ, ஆரம்பகால பானெட் எல்லாம் மிஞ்சியிருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். டைனமோ சிக்னலில் நிற்கும்போது விளக்கை மங்கலாக்கும். அதற்காக ஆல்டர்நேட்டருக்கு ஓடாதீர்கள், ஓட்டினால் சார்ஜ் ஆகும். ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவீர்கள் என்றால் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவதை நான் ஆதரிப்பேன். பழைய மாஸ்டர் சிலிண்டரைத் துடைத்து, எண்ணெய் பூசி, எந்த இடத்திலிருந்து எப்போது கழற்றியது என்று எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த உரிமையாளர் திரும்ப மாட்ட முடிகிற மாற்றம் எதுவும் காரைக் கெடுக்காது. துளை போடுவதும் வெட்டுவதும்தான் கெடுக்கும்.

பாகம் வாங்கும்போது கடைக்காரரிடம் வெறும் "1965" என்று கேட்காதீர்கள், பின்னால் வந்ததைக் கொடுத்துவிடுவார். தகட்டுத் தேதியையும் எஞ்சின் எழுத்தையும் சொல்லுங்கள். பிரேக் விளக்கு சுவிட்சும் கதவுப் பிடியும் இப்படித்தான் தவறாக வந்து சேர்கின்றன.

10. கோப்பு

ஃபெண்டர் எண், கதவுத் தகடு, பிளாக்கின் தேதி, பெல் ஹவுசிங் போல்ட் எல்லாவற்றையும் கழுவிப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பக்கத்துப் பாகம் ஏதாவது தெரிய வேண்டும். நெருங்கி எடுத்த எண் எந்தக் காரில் இருக்கிறது என்று பிறகு நிரூபிக்க முடியாது. எண்ணெய்க் கசடைச் சுரண்டும்போது பழைய சுண்ணக்கட்டி எழுத்து, மை முத்திரை, பெயின்ட் பொட்டு தட்டுப்பட்டால் கையை நிறுத்திவிட்டு முதலில் படம் எடுங்கள். அவை ஆலைத் தொழிலாளிகள் வைத்த குறிகளாக இருக்கலாம், துடைத்தால் திரும்ப வராது. பத்திரம், பழைய ரசீது, முன்னாள் உரிமையாளரின் கடிதம் எல்லாவற்றையும் அதே கோப்பில் சேருங்கள். காரை விற்கும் நாளில் சாவியோடு அந்தக் கோப்பையும் கொடுங்கள்.